டயோக்ளீஷியன் பதவி விலகியது ஏன்?

“டயோக்ளீஷியன் ரோமப் பேரரசர் பதவியைத் தானாகவே விட்டுவிட்டு முட்டைக்கோஸ் பயிரிடப் போனார் என்கிறார்களே, உண்மையா? விலைக்கட்டுப்பாட்டுச் சட்டம் தோற்றுப்போன அவமானத்தில்தான் போனாரா?” என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவர் விரும்பி விலகினாரா, விலக்கப்பட்டாரா என்பது ஒன்று. அந்த விலகலை அவருடைய ஆட்சியின் தோல்வி என்று கொள்ளலாமா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் சான்றுகள் வேறு, அவற்றின் தரமும் வேறு. பிற்கால ரோம வரலாற்றைக் கல்வெட்டு, நாணயம், பாப்பிரஸ் (எகிப்திய நாணல்தாள்) சான்றுகளோடு சேர்த்துப் படித்தவன் என்ற முறையில் பிரித்துச் சொல்கிறேன். விலகியது உண்மை, நாள்கூடத் தெரியும், கி.பி. 305 மே 1. விலைச் சட்டம்தான் காரணம் என்பதற்கு ஆதாரம் கிடையாது. தோட்டக் கதை அவர் இறந்து எண்பது ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்ட ஒரு சிறு நூலில் வருகிறது.

முதலில் பின்னணி. 235 முதல் 284 வரையிலான ஐம்பது ஆண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் ரோம அரியணை ஏறினார்கள். பெரும்பாலோர் சொந்தப் படையினர் கையாலேயே மாண்டார்கள். 260இல் வலேரியன் பாரசீகரிடம் உயிரோடு பிடிபட்டார். பேரரசரானவர் கட்டிலில் படுத்து இறப்பதே அபூர்வம் என்ற நிலை. டயோக்ளீஷியன் வந்த வழியும் இதுதான். இன்றைய குரோஷியக் கரையில் சலோனா நகருக்கு அருகே எளிய குடும்பத்தில் பிறந்தவர், இயற்பெயர் டயோக்ளிஸ். படையில் படிப்படியாக உயர்ந்து, நியூமேரியன் என்ற இளம் பேரரசரின் மெய்க்காவல் படைக்குத் தலைவரானார். 284இல் பாரசீகப் போரிலிருந்து படை திரும்பும் வழியில், கண்நோய் என்று சொல்லி மூடுபல்லக்கில் கொண்டுவரப்பட்ட நியூமேரியன் ஏற்கெனவே இறந்திருந்தது நாற்றத்தால் தெரியவந்தது. பழி மாமனார் ஏப்பர்மீது விழுந்தது. நவம்பர் 20 அன்று நிகோமீடியா அருகே (இன்றைய துருக்கியின் இஸ்மித்) படை டயோக்ளிஸைப் பேரரசராக அறிவித்தது. அவர் செய்த முதல் காரியம், ஏப்பரை எல்லார் முன்னிலையிலும் தன் வாளாலேயே குத்திக் கொன்றது. நாளும் இடமும் உறுதியானவை. நியூமேரியனைக் கொன்றது யார், கொலைதானா என்பதற்குச் சான்று இல்லை. ஏப்பரைப் பேசவிடாமல் உடனே கொன்றதைப் பார்த்துச் சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு, ஆனால் அது சந்தேகம் மட்டுமே. அடுத்த ஆண்டு மார்கஸ் ஆற்றங்கரைப் போரில் நியூமேரியனின் அண்ணனும் மேற்கை ஆண்டுவந்தவருமான கரினஸ் தன் ஆட்களாலேயே கொல்லப்பட, டயோக்ளீஷியன் போட்டியில்லாத பேரரசரானார். கரினஸின் தலைமை அதிகாரி அரிஸ்டோபுலஸை அப்படியே பதவியில் வைத்துக்கொண்டதைப் பழைய வரலாற்றாசிரியர்களே வியந்து குறித்திருக்கிறார்கள்.

அவருக்கு மகன் இல்லை. ஒரே மகள் வலேரியா. பின்னால் நடந்த பலவற்றுக்கு இது அடிப்படை. ரைன், டான்யூப், யூப்ரடீஸ் என்று மூன்று எல்லைகளும் ஒரே சமயத்தில் எரியும்போது ஒரே ஆள் எங்கும் போய் நிற்க முடியாது. போகாத இடத்துப் படை தன் தளபதியையே பேரரசராக்கிவிடும். அதனால் 285இல் பழைய படைத்தோழர் மேக்சிமியனைத் துணையாக எடுத்து, 286இல் தனக்குச் சமமான ‘அகஸ்டஸ்’, அதாவது மூத்த பேரரசர், ஆக்கினார். 293 மார்ச் 1 அன்று மேற்கே கான்ஸ்டான்டியஸ் ‘சீசர்’, அதாவது இளைய பேரரசர், ஆனார். கிழக்கே கலேரியஸ் ‘சீசர்’ ஆனார். கலேரியஸுக்கு வலேரியாவை மணம் முடித்தார். கான்ஸ்டான்டியஸின் மனைவி தியோடோரா மேக்சிமியன் வீட்டுப் பெண். இதை அண்ணன் தம்பி பாகப்பிரிவினை மாதிரி பேரரசைக் கூறுபோட்டதாகப் பலர் எழுதுகிறார்கள். அது தவறு. சட்டங்கள் நால்வர் பெயரிலும் வெளிவந்தன, நாணயங்கள் எல்லா அக்கசாலைகளிலும் நால்வருக்கும் அடிக்கப்பட்டன, கடைசி வார்த்தை டயோக்ளீஷியனுடையதாகவே இருந்தது. இந்த அமைப்பு போரில் பலனும் தந்தது. பிரிட்டனைப் பிரித்துக்கொண்டு போன கலகக்காரர்களிடமிருந்து 296இல் கான்ஸ்டான்டியஸ் அதை மீட்டார். எகிப்தில் எழுந்த கலகத்தை டயோக்ளீஷியனே நேரில் சென்று, அலெக்சாந்திரியாவை மாதக்கணக்கில் முற்றுகையிட்டு அடக்கினார். பாரசீக மன்னன் நர்சேயிடம் முதலில் தோற்ற கலேரியஸ், 298இல் ஆர்மீனியாவில் அவன் முகாமையும் அந்தப்புரத்தையும் கைப்பற்றினார். அதைத் தொடர்ந்த உடன்படிக்கையில் டைகிரிஸ் நதி வரையும் அதற்கு அப்பாலும் நிலம் கிடைத்தது. அந்த எல்லை ஏறக்குறைய 65 ஆண்டுகள் நின்றது.

படைக்குச் சோறு போட வேண்டுமே. ஆறாம் நூற்றாண்டு அதிகாரி ஜான் லிடஸ் தரும் கணக்கில் டயோக்ளீஷியனின் தரைப்படை 3,89,704 பேர், கடற்படை 45,562 பேர். இவ்வளவு துல்லியமான எண்கள் ஏதோ அலுவலக ஏட்டிலிருந்து வந்திருக்க வேண்டும். படையை நான்கு மடங்காக்கினார் என்று எதிரிகள் எழுதியதைவிட இது நம்பத்தக்கது. வரி முறை முழுதும் மாறியது. சுமார் 50 மாகாணங்கள் ஏறக்குறைய 100 சிறு மாகாணங்களாக உடைந்து, 12 மண்டலங்களின் கீழ் வந்தன. ஆளுநர்களிடமிருந்து படைப்பொறுப்பு பெரும்பாலும் பிரிக்கப்பட்டது. கலகம் செய்ய நினைக்கும் ஆளுநருக்குப் படை இல்லை, படைத்தலைவனுக்குப் பணம் இல்லை என்பதே கணக்கு. நிலம் தரம் பார்த்து வரி அலகுகளாக மாற்றப்பட்டது. சிரியப் பகுதிக்கான பிற்காலச் சட்டத் தொகுப்பின்படி ஓர் அலகுக்கு நல்ல உழவு நிலம் 20 யூகெரம், இரண்டாம் தரம் 40, மூன்றாம் தரம் 60. திராட்சைத் தோட்டம் என்றால் 5 மட்டுமே. நல்ல ஒலிவ மரங்கள் என்றால் 225 மரம். ஒரு யூகெரம் கால் ஹெக்டேர் அளவு. இதோடு ஆள்கணக்கும் சேரும். அரசின் ஆண்டுத் தேவையை மொத்த அலகுகளால் வகுத்து, ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்று அறிவிக்க வேண்டியதுதான். எகிப்தில் இந்த முறையை 297இல் அறிவித்த ஆளுநர் அரிஸ்டியஸ் ஆப்டாட்டஸின் ஆணை பாப்பிரஸில் கிடைத்திருக்கிறது. நூற்றாண்டுகளாக நிலவரி கட்டாத இத்தாலியும் இதில் மாட்டியது. ரோமின் பெரிய மனிதர்களுக்கு அவரைப் பிடிக்காமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி விலைச் சட்டம். அதைத் தனியாகப் பார்த்தால் முட்டாள்தனமாகத் தெரியும்; நாணயத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். முந்தைய ஐம்பது ஆண்டுகளில் வெள்ளிக் காசில் வெள்ளி ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது. டயோக்ளீஷியன் 294 வாக்கில் புது வரிசை கொண்டுவந்தார்: ஒரு ரோம ராத்தலுக்கு 60 வீதம் தங்கக் காசு, 96 வீதம் நல்ல வெள்ளிக் காசு, அன்றாடப் புழக்கத்துக்குச் சுமார் 10 கிராம் எடையில் மேலே மெல்லிய வெள்ளிப் பூச்சு கொண்ட செம்புக் காசு. தங்கமும் வெள்ளியும் நேர்மையானவை, ஆனால் குறைவாகவே அடிக்கப்பட்டன. அரசு தன் செலவுக்குச் செம்பைக் கொட்டிக்கொண்டே இருந்தது. கணக்கோ இன்னும் டெனாரியஸ் என்ற பழைய காசின் பெயரில். 301 செப்டம்பர் 1 முதல் காசுகளின் மதிப்பை இரட்டிப்பாக்கும் ஆணை இன்றைய துருக்கியிலுள்ள அஃப்ரோடீசியஸ் நகரக் கல்வெட்டில் இருக்கிறது. அதன்படி வெள்ளிக் காசு 100 டெனாரியஸ் ஆனது. அதே ஆண்டின் இறுதியில் விலை உச்சவரம்புச் சட்டம் வந்தது. தன் கையிலுள்ள காசின் மதிப்பை ஒரே ஆணையில் இரட்டிப்பாக்கிவிட்டு, வியாபாரி மட்டும் விலையை ஏற்றக்கூடாது என்றால் என்ன நடக்கும்?

சட்டத்தின் முன்னுரை பேராசைக்காரர்களைத் திட்டித் தீர்க்கிறது. அதற்குள்ளேயே உண்மைக் காரணமும் சொல்லப்பட்டுவிடுகிறது: படைவீரன் ஒருவன் ஒரே ஒரு பொருளை வாங்கும்போதே தன் சம்பளத்தையும் சிறப்புப் பரிசையும் இழந்துவிடுகிறான் என்கிறது. அதாவது முதல் அக்கறை படைமீது. மீறினால் மரண தண்டனை; விற்றவனுக்கு மட்டுமல்ல, கூட்டுச் சேர்ந்து வாங்கியவனுக்கும் பதுக்கியவனுக்கும். பட்டியலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களும் கூலிகளும் உள்ளன. படைமுகாம்களில் வழங்கிய மாடியஸ் என்ற தானிய அளவைக்குக் கோதுமை 100 டெனாரியஸ், வாற்கோதுமை 60. பன்றியிறைச்சி ராத்தல் 12, மாட்டிறைச்சி 8. சாதாரண மது அரை லிட்டர் அளவுக்கு 8, பேர்பெற்ற ஃபலெர்னிய மது 30. வயல்கூலி சாப்பாட்டோடு நாளுக்கு 25, தச்சனுக்கு 50. முடிதிருத்துபவர் தலைக்கு 2. எழுத்தறிவிக்கும் ஆசிரியர் மாணவன் ஒருவனுக்கு மாதம் 50, பேச்சுக்கலை ஆசிரியர் 250. வழக்கறிஞர் ஒரு வழக்கை வாதாட 1,000. சிங்கம் 1,50,000. தங்கம் ராத்தல் 72,000. இவற்றை வைத்துக் கணக்குப் போட்டால், வயல்கூலியாளின் ஒரு நாள் காசுக்கு இரண்டு ராத்தல் பன்றியிறைச்சி, ஏறத்தாழ 650 கிராம்தான் வரும். ஒரு மாடியஸ் கோதுமைக்கு நான்கு நாள் கூலி. இவை உச்சவரம்புகள், சந்தை விலைகள் அல்ல என்பதை மறக்கக்கூடாது. இதை மறந்துவிட்டு ‘ரோமில் அன்று விலை இது’ என்று எழுதும் கட்டுரைகள் ஏராளம்.

தோற்றதன் காரணமும் பட்டியலுக்குள்ளேயே இருக்கிறது. விலை பேரரசு முழுதும் ஒன்றே. விளையும் இடத்துக்கும் விற்கும் இடத்துக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் அதே சட்டம் 1,200 ராத்தல் பாரவண்டிக்கு மைலுக்கு 20 டெனாரியஸ் வாடகை என்கிறது. மாடியஸின் அளவை எப்படி எடுத்தாலும், 200 முதல் 300 மைல் போவதற்குள் வாடகையே ஒரு வண்டிக் கோதுமையின் விலையை எட்டிவிடும். கடல்வழியோ மிக மலிவு. கப்பல் கூலிக்குத் தனிப் பட்டியலே உண்டு. துறைமுக ஊரில் சரக்கு ஓரளவு கிடைத்திருக்கலாம். உள்நாட்டு ஊருக்குத் தானியம் கொண்டுபோகிற வியாபாரி சட்டப்படி நடந்தால் நஷ்டம், மீறினால் சாவு. கொண்டுபோகாமல் இருப்பதே புத்திசாலித்தனம். அற்பப் பொருள்களுக்காக இரத்தம் சிந்தியது, சரக்கு சந்தையிலிருந்து மறைந்தது, விலை இன்னும் ஏறியது, கடைசியில் சட்டம் தானாக வழக்கொழிந்தது என்று அக்காலக் கிறித்தவ எழுத்தாளர் லாக்டான்டியஸ் எழுதுகிறார். அவர் டயோக்ளீஷியனின் பகைவர், ஆனால் பொருளாதாரப் போக்கு அவர் சொல்வதோடு ஒத்துப்போகிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கிடைத்த கல்வெட்டுத் துண்டுகள் கிரேக்கம், ஆசியா மைனர், எகிப்து என்று ஏறக்குறைய எல்லாமே கிழக்கைச் சேர்ந்தவை. மேக்சிமியனும் கான்ஸ்டான்டியஸும் தங்கள் பகுதியில் இதைக் கல்லில் பொறிக்கக்கூட முனையவில்லை என்றே தோன்றுகிறது.

ஆனால் இதிலிருந்து விலகலுக்குத் தாவ முடியாது. சட்டம் 301இல், விலகல் 305இல். இடையில் நடந்தவைதான் முக்கியம். 303 பிப்ரவரி 23 அன்று நிகோமீடியாவில், அரண்மனையிலிருந்தே பார்க்கக்கூடிய தூரத்தில் நின்ற தேவாலயம் இடிக்கப்பட்டது. மறுநாள் கிறித்தவர்களுக்கு எதிரான முதல் ஆணை. அடுத்த ஆண்டுக்குள் மேலும் மூன்று. கிழக்கில் கொடுமையாக நடந்த இந்த ஒடுக்குமுறை கான்ஸ்டான்டியஸின் மேற்கில் கட்டடங்களை இடிப்பதோடு ஏறக்குறைய நின்றது. தூண்டியவர் கலேரியஸ் என்று கிறித்தவ எழுத்தாளர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம், ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே பாரசீகத்திலிருந்து பரவிய மானி மதத்தின் (மானிகேயர்களின்) தலைவர்களை எரிக்கச் சொல்லி ஆணையிட்டவர் டயோக்ளீஷியன் என்பதால் அவரை அப்பாவி என்று விட்டுவிட முடியாது. நமக்குச் சான்றாளராக நிற்கும் லாக்டான்டியஸ், டயோக்ளீஷியனே நிகோமீடியாவுக்கு அழைத்து வைத்த லத்தீன் ஆசிரியர். இந்த ஒடுக்குமுறையில் அந்த வேலை போனது. அவர் எழுதுவதைப் படிக்கும்போது இது நினைவில் இருக்க வேண்டும்.

303 நவம்பரில் ஆட்சியின் இருபதாம் ஆண்டு விழாவுக்கு ரோமுக்குப் போனார். நகரத்தாரின் துடுக்குத்தனம் பிடிக்காமல் புத்தாண்டுக்குக்கூடக் காத்திராமல் குளிரிலும் மழையிலும் கிளம்பினார். வழியில் நோய் பிடித்தது. 304 டிசம்பரில் அவர் இறந்துவிட்டதாக நகரமே பேசியது. 305 மார்ச் 1 அன்று வெளியே வந்தபோது அடையாளம் தெரியாத அளவுக்கு இளைத்திருந்தார். இரண்டு மாதம் கழித்து, நிகோமீடியாவுக்கு மூன்று மைல் தள்ளி, ஜூபிட்டர் சிலை நின்ற மேட்டில் படையைக் கூட்டி, பேரரசரின் அடையாளமான ஊதா அங்கியைக் கழற்றினார். அதே நாளில் மிலானில் மேக்சிமியனும். லாக்டான்டியஸின் கதைப்படி நோயில் தளர்ந்த கிழவரைக் கலேரியஸ் மிரட்டி விலக வைத்தார். இருவரின் உரையாடல்கூட வரிக்கு வரி தரப்படுகிறது. மூடிய அறைக்குள் நடந்த பேச்சு அவருக்கு எப்படித் தெரியும்? பொதுவெளியில் நடந்த சடங்கை அவர் விவரிப்பதை நம்பலாம். அந்த உரையாடலை நம்ப வேண்டியதில்லை. எதிர்ப்பக்கச் சான்றுகள் வலுவானவை. சலோனா அருகே அவருடைய ஓய்வு மாளிகை பல ஆண்டு வேலை. 305 வசந்தத்தில் எடுத்த முடிவுக்காகக் கட்டியதல்ல. ரோமில் ஜூபிட்டர் கோயிலில் மேக்சிமியன் விலகுவதாகச் சத்தியம் செய்திருந்தார் என்று சில ஆண்டுகளுக்குள் கோல் நாட்டில் (இன்றைய பிரான்ஸ் பகுதி) ஆற்றப்பட்ட புகழுரை சொல்கிறது. மேக்சிமியனுக்கு விலக மனமே இல்லை என்பது பின்னால் அவர் நடந்துகொண்டதிலேயே தெரியும். சத்தியம் வாங்க வேண்டியிருந்ததும் அதனால்தான். என் கணிப்பு இது: இருபதாண்டில் மூத்தவர்கள் விலகி இளையவர்களுக்கு இடம் விடுவது திட்டத்தின் பகுதி, நோய் நாளைத் தீர்மானித்தது, புதிய சீசர்களைத் தேர்ந்தெடுத்ததில் கலேரியஸின் கை ஓங்கியது.

திட்டம் உடைந்ததும் அந்தத் தேர்வில்தான். கான்ஸ்டான்டியஸின் மகன் கான்ஸ்டன்டைன், மேக்சிமியனின் மகன் மேக்சென்டியஸ் இருவரும் வளர்ந்த ஆண்கள். இருவரையும் ஒதுக்கிவிட்டுக் கலேரியஸின் ஆட்களான செவெரஸும் மேக்சிமினஸ் டாயாவும் சீசர்கள் ஆனார்கள். மகன் இல்லாதவருக்குத் தகுதி பார்த்து வாரிசு நியமிப்பது எளிது. படைவீரனுக்கோ பழைய தளபதியின் மகன் கண்முன்னே நிற்கும்போது வேறொருவனுக்கு வாழ்த்தொலி எழுப்ப மனம் வராது. 306 ஜூலை 25 அன்று யார்க் நகரில் கான்ஸ்டான்டியஸ் இறந்ததும் படை மகனை அறிவித்தது. அக்டோபர் 28 அன்று ரோமில் மேக்சென்டியஸ் எழுந்தார்; ஓய்விலிருந்த மேக்சிமியனும் மீண்டும் ஊதா உடுத்திக்கொண்டார். மாகாணப் பிரிவும் வரிமுறையும் படைநிர்வாகமும் அடுத்த பல தலைமுறைகளுக்கு நின்றன. ஆட்கள் தங்கள் நலனுக்கு எதிராக நடந்தால் மட்டுமே ஓடக்கூடிய இரண்டு ஏற்பாடுகள், அதாவது விலைச் சட்டமும் வாரிசு முறையும், சில ஆண்டுகளிலேயே விழுந்தன.

தோட்டக் கதையின் இடம் இதுதான். 308 நவம்பரில் இன்றைய ஆஸ்திரியாவின் கார்னுன்டத்தில் கலேரியஸ் கூட்டிய ஆலோசனைக்கு டயோக்ளீஷியன் ஓய்விலிருந்து வந்தார். இது உறுதி, கலேரியஸின் பழைய படைத்தோழர் லிசினியஸை அகஸ்டஸ் ஆக்கியதும், மேக்சிமியனை மறுபடி விலக வைத்ததும் அங்கேதான். மறுபடி பதவியேற்கும்படி கேட்டபோது, சலோனாவில் என் கையால் நட்ட காய்கறிகளைப் பார்த்தால் இப்படிக் கேட்க மாட்டீர்கள் என்றாராம். இது நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்ட, ஆசிரியர் பெயர் தெரியாத சுருக்க வரலாற்றில் வருகிறது. கேட்டார்கள், மறுத்தார் என்பது நடப்புக்குப் பொருந்துகிறது. அந்தச் சொற்கள் அவருடையவைதானா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. குடிசையில் கீரைப்பாத்தி கட்டிக்கொண்டிருந்தார் என்றும் கற்பனை செய்ய வேண்டாம். அவர் இருந்த மாளிகை சுமார் 215 மீட்டர் நீளம், 180 மீட்டர் அகலம், கோட்டைமதில், கோபுரங்கள், தனி நீர்க்கால்வாய், எகிப்திலிருந்து வந்த ஸ்ஃபிங்ஸ் சிலைகள் கொண்டது. ஏழாம் நூற்றாண்டில் சலோனா அழிந்தபோது மக்கள் அதற்குள் குடியேறினார்கள். ஸ்ப்ளிட் நகரின் பழைய பகுதி இன்றும் அந்த மதிலுக்குள் வாழ்கிறது. அவருக்கென்று கட்டிய எண்கோணக் கல்லறை மண்டபம் இன்று புனித டோம்னியஸ் பேராலயம். டோம்னியஸ், 304இல் சலோனாவில் கொல்லப்பட்ட ஆயர்.

கடைசி ஆண்டுகள் நிம்மதியாகக் கழியவில்லை. 311இல் கலேரியஸ் இறந்தபின் வலேரியா டாயாவின் பாதுகாப்பில் இருக்கப் போனாள். அவன் மணந்துகொள்ளக் கேட்டு, அவள் மறுத்ததால் சொத்தைப் பிடுங்கித் தாய் பிரிஸ்காவோடு நாடுகடத்தினான். மகளை அனுப்பிவைக்கும்படி டயோக்ளீஷியன் திரும்பத் திரும்ப ஆளனுப்பியும், அவரே சீசராக்கிய டாயா காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் இறந்தபின் தாயும் மகளும் தெசலோனிக்காவில் லிசினியஸின் ஆணையால் தலைவெட்டப்பட்டார்கள். அவர் சாவைப் பற்றி இரண்டு கதைகள்: துக்கத்தில் உணவை மறுத்து இறந்தார் என்கிறார் லாக்டான்டியஸ், கான்ஸ்டன்டைனுக்கும் லிசினியஸுக்கும் பயந்து நஞ்சருந்தினார் என்கிறது அதே சுருக்க வரலாறு. இயற்கை மரணம் என்பதையும் மறுக்க முடியாது. ஆண்டாக நூல்களில் 311, 312, 313, 316 என்று நான்கும் பார்ப்பீர்கள். 316 பிற்கால ஆண்டுக்குறிப்புகளிலிருந்து வருவது. லாக்டான்டியஸ் தரும் நிகழ்ச்சி வரிசையில், 313இல் இறந்த டாயாவுக்கு முன்பே டயோக்ளீஷியன் இறந்துவிடுகிறார். அவர் ஏறக்குறைய அந்தக் காலத்திலேயே எழுதியவர் என்பதால், எங்காவது குறிப்பிட வேண்டியிருந்தால் ‘311 அல்லது 312’ என்று எழுதுங்கள்.